குளிர் யாருடையது?

சீன நிலக்காட்சி ஓவியங்களில் வரும் மீனவன் பெரும்பாலும் மீனவன் அல்ல. ஒற்றைப் படகு, ஒரு தூண்டில், சுற்றிலும் வெற்றுவெளி. பதவியைத் துறந்த, அல்லது துறக்க ஆசைப்படுகிற, படித்தவனின் சுய உருவம் அது. மீன் அகப்படாவிட்டால் அவனுக்கு நஷ்டம் ஏதுமில்லை. தென் டாங் அரசின் கடைசி மன்னன் லீ யூவின் பெயரிலும் மீனவனின் கவலையற்ற வாழ்வைப் புகழும் பாடல்கள் உண்டு. 975ல் ஸோங் படையிடம் நாட்டை இழந்து கைதியானவன் அவன்.

அவனது ஓவியக் கூடத்தில் மாணவனாக இருந்தவன் சாவ் கான். அவன் வரைந்த 'ஆற்றில் முதல் வெண்பனி' இன்று தைபேயின் தேசிய அரண்மனை மியூஸியத்தில் இருக்கிறது. சுமார் 26 செ.மீ. உயரமும் மூன்றரை மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள பட்டுச் சுருள். தொடக்கத்தில் ஓவியத்தின் பெயரையும் ஓவியனின் பெயரையும் எழுதிய கை லீ யூவினுடையது என்பது மரபு. ஆனால் மன்னனுடைய பாட்டின் மீனவன் இதில் இல்லை. இதில் பலர் இருக்கிறார்கள். நாணல்களுக்கு நடுவே படகிலும் நீரிலுமாக வலையோடு மல்லாடுகிறார்கள். சிலர் கூரையடியில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். இவர்களில் எவனையும் விடுதலையின் குறியீடாக உயர்த்திவிட முடியவில்லை. தூண்டிலைச் சிந்தனைக்காகவும் பிடிக்கலாம். வலையை அப்படி இழுக்க முடியாது.

உடனே இதை உழைப்பாளியின் பக்கம் நிற்கும் கலை என்று முத்திரை குத்துவதும் சோம்பேறித்தனம்தான். அரண்மனைக் கண்களுக்காக வரையப்பட்டது இது. வெள்ளைப் பொடியைத் தெறிக்கவிட்டுப் பனி வரைந்திருக்கிறான் சாவ் கான். நம்மை மயக்குவது அந்தப் புள்ளிகள். மீனவனின் முதுகில் விழுவதும் அவையே. அழகுக்கு ஒரு வர்ணம், துன்பத்துக்கு ஒரு வர்ணம் என்று அவன் பிரித்து வைத்துக்கொள்ளவில்லை.

கரையில் பிரயாணிகள் போகிறார்கள். அவர்களுக்கும் குளிர்கிறது, உடல் குறுகியிருக்கிறது. ஆனால் ஒரே குளிர் இரு சாராரையும் உறவாக்கிவிடவில்லை. கடந்து போகிறவனின் குளிர் ஊர் போய்ச் சேர்ந்ததும் தீரும். ஆற்றில் நிற்பவனுக்கு இது முதல் பனி, குளிர்காலம் இனிமேல்தான்.

சுருளை வலமிருந்து இடமாகப் பிரித்துக்கொண்டே பார்க்க வேண்டும். பார்க்கிறவனும் ஆக ஒரு கரைவழிப் பிரயாணிதான். எந்த மீனவனிடமும் நிலைப்பதில்லை. பிறர் உழைப்பைப் படிமமாக்கும் கவிஞன் நிற்பதும் இந்தக் கரையில்தான். ஆற்றில் இறங்கிவிட்டதாக அவன் பாவனை செய்ய வேண்டியதில்லை. நீரில் நிற்பவனைத் தன் ஏக்கத்தின் உருவமாக மாற்றாமல், வலையின் கனத்தோடு அவனைப் பார்க்க முடிந்தால், கரையில் நிற்பவனுக்குச் சாத்தியமான நேர்மை அதுதான்.