எது அசல்?

1990ஆம் ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு காரைப் பற்றி வழக்கு நடந்தது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் அது. பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929, 1930 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் வென்ற கார். ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்த பிறகு, இது அந்தக் காரே அல்ல என்று வாங்கவிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்கள் மாறியிருந்தன. பின்னாளில் இன்னும் பெரிய எஞ்சின் ஏறியது. 1932இல் ப்ரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நடந்த விபத்தில் ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்துபோனார். அதன்பின் காருக்குக் கூபே வடிவில் புது உடல் கட்டினார்கள். 1929இல் ஓடிய உலோகத்தில் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை.

ஆனாலும் நீதிபதி ஆட்டன் விற்றவருக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தார். மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை, காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கோர வேறொரு பென்ட்லி இல்லை என்பது அவர் கண்ட முடிவு.

என் ஆஸ்டின் ஹீலி 100ஐப் பிரித்துப் போட்டிருந்த நாட்களில்தான் இந்தத் தீர்ப்பின் ஆழம் எனக்குப் பிடிபட்டது. 1952இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் டொனால்ட் ஹீலி அறிமுகப்படுத்திய கார் இது. பார்த்த கையோடு ஆஸ்டின் நிறுவனத் தலைவர் லெனர்ட் லார்ட் அதைத் தங்கள் ஆலையிலேயே தயாரிக்க முன்வந்தார். நான்கு சிலிண்டர், 2,660 சிசி எஞ்சின். மணிக்கு 100 மைல் தொடும் என்பதால் பெயரில் 100. பெரும்பாலான கார்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. இங்கிலாந்துச் சாலைகளில் இன்று இதைக் காண்பது அபூர்வம்.

இதன் அழகிலேயே இதன் நோயும் இருக்கிறது. மேல்தகடுகள் முன்னும் பின்னும் அலுமினியம்; பக்கத்து மட்கார்டுகள் இரும்பு. இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அரிப்பு தொடங்கிவிடும். வெளியே பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னும். மட்கார்டைக் கழற்றினால் அலுமினிய விளிம்பு வெள்ளைப் பொடியாக உதிரும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகளோ உள்ளிருந்தே துருப்பிடித்துக்கொண்டு வரும். காரின் விறைப்பே அவற்றை நம்பித்தான் இருக்கிறது.

எதை வெட்டி எறிவது, எதை விட்டுவைப்பது? அடித்தகடுகளை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. பிரேக் குழாய்கள், ரப்பர் சீல்கள் அத்தனையும் புதிது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழமைக்குச் சலுகை கிடையாது. ஆனால் ஒரு மட்கார்டின் உட்புறத்தில், எந்தக் காலத்திலோ யாரோ ஒரு மெக்கானிக் பித்தளை உருக்கிப் போட்ட ஒட்டு இருந்தது. சுத்தியல் தழும்புகூட அப்படியே தெரிந்தது. பார்வைக்கு நேர்த்தியில்லை, பிடிப்பு மட்டும் குறையவே இல்லை. புது மட்கார்டு விலைக்குக் கிடைக்கும். நான் அந்த ஒட்டைச் சுத்தம் செய்து, துரு ஏறாமல் பூச்சுப் பூசி, அங்கேயே விட்டேன். இந்தக் கார் என் கைக்கு வந்து சேர்ந்ததற்கு அந்த முகம் தெரியாத மனிதரும் ஒரு காரணம்.

ஆலையை விட்டு வந்த நாளில்கூட இல்லாத பளபளப்பைக் கொடுத்து, கண்காட்சிக்கு மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஓடாத காருக்கும் கேடு வரும். பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகும், சீல்கள் இறுகும், பிரேக் சிலிண்டர்கள் சிக்கிக்கொள்ளும். ஓட்டினால் தேயும், நிறுத்தினால் கெடும் என்றானபின், தேய்வதையே நான் தேர்ந்துகொண்டேன். நாட்டுப்புறச் சாலையில் மூன்றாம் கியரில் போகும்போது டேஷ்போர்டில் உள்ள ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டினால், வேகம் குறையாமல் எஞ்சினின் முழக்கம் மட்டும் தணியும். அந்த நொடியில் டொனால்ட் ஹீலி என்ன நினைத்து இதைச் செய்தார் என்பது உடம்புக்கே புரிகிறது. நிறுத்திவைத்த காரைச் சுற்றி வந்து பார்ப்பதில் அது கிடைக்காது.

பென்ட்லிக்கே மறுபடி வருகிறேன். 1929 வெற்றியோடு அதைப் பூட்டி வைத்திருந்தால் ஒவ்வொரு ஆணியும் அசலாகவே இருந்திருக்கும். வழக்கே வந்திருக்காது. ஆனால் 1930இன் வெற்றியும் வந்திருக்காது. மாறச் சம்மதித்ததால்தான் அது மறுபடி ஓடியது. மறுபடி ஓடியதால்தான் அதன் பெயர் நிலைத்தது.

‘நீ முன்ன மாதிரி இல்லை’ என்று நெருங்கியவர்கள் சொல்லும்போது நாம் குற்றவாளி போலக் கூசுகிறோம். ஊர் மாறுகிறோம், தொழில் மாறுகிறோம். இழப்புகள் வந்து, தாங்கும் இடங்களையே வெட்டிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டியிருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நமக்கு ஒட்டுப் போட்டவர்களை மறந்துவிட்டு, பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான் இருந்தோம் என்று மினுக்குவதுதான் பொய்.

என் காரில் மாற்றிய ஒவ்வொன்றையும் படத்தோடு ஒரு கோப்பில் எழுதி வைக்கிறேன். அடுத்து இதை ஓட்டப்போகிறவருக்கு அந்தக் கோப்பும் சாவியோடு சேர்ந்தே போக வேண்டும். எங்கே தன் கையை வைக்க வேண்டும் என்று அவர் தெரிந்துகொள்ளட்டும்.