சாத்தானிடம் அடைக்கலம்

கிறிஸ்தவ மரபுக் கதைகளில் ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்பவர்கள் பதிலுக்குப் பெரிதாக ஏதாவது கேட்பார்கள். பாஸ்டஸ் அறிவும் அதிகாரமும் கேட்டான். சில்வியா டவுன்செண்ட் வார்னர் 1926-இல் வெளியிட்ட 'லாலி வில்லோஸ்' நாவலின் நாயகி கேட்பது ஒன்றுதான்: தன்னைச் சும்மா விட்டுவிட வேண்டும்.

லாரா வில்லோஸ் மணமாகாதவள். 1902-இல் தந்தை இறந்ததும், 28 வயதில், லண்டனிலுள்ள அண்ணன் ஹென்றியின் வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் பிள்ளைகள் வைத்த 'லாலி' என்ற பெயர் ஒட்டிக்கொள்ள, லாரா மறைந்து, எந்நேரமும் கைக்குக் கிடைக்கும் அத்தை மட்டும் மிஞ்சுகிறாள். 1921 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் மேல் அதிகம். லாராவைப் போன்றவர்களை 'உபரிப் பெண்கள்' என்று பத்திரிகைகள் கூசாமல் எழுதிய காலம். 47 வயதில் லாரா சில்டர்ன் குன்றுகளிலுள்ள கிரேட் மாப் என்ற கற்பனைக் கிராமத்துக்குக் கிளம்புகிறாள். அவள் பணத்தை அண்ணன் தவறான முதலீட்டில் கரைத்திருப்பது அப்போதுதான் தெரியவருகிறது. அதுவும் அவளைத் தடுக்கவில்லை.

அங்கும் இன்னொரு அண்ணனின் மகன் டைட்டஸ் வந்து சேர்கிறான். பாசக்காரன், சிக்கலே அதுதான். லாரா உதவி கேட்டு வயல்வெளியில் கதறிவிட்டு வீடு திரும்பினால், எங்கிருந்தோ வந்த பூனைக்குட்டி அவள் கையில் இரத்தம் எடுக்கிறது. சாத்தானுடன் ஒப்பந்தம் முடிந்தது! பிறகு நடக்கும் மந்திரமெல்லாம் சில்லறை வேலை: டைட்டஸின் பால் திரிகிறது, குளவிகள் கொட்டுகின்றன, அவன் ஒருத்தியை நிச்சயம் செய்துகொண்டு ஊரைவிட்டுப் போகிறான். சூனியக்காரிகளின் நள்ளிரவுக் கூட்டமும், ஒரு நடனம் தவிர, லண்டன் விருந்துகளைப் போலவே சலிப்பூட்டுகிறது.

சமயக் கேள்வி கடைசி உரையாடலில் எழுகிறது. பிறருக்குத் தீங்கு செய்வதோ தொண்டு செய்வதோ தன் நோக்கமல்ல, தன் வாழ்வைத் தானே வாழ்வதே என்று லாரா சாத்தானிடம் சொல்கிறாள். தீமை என்பது நன்மையின் இன்மை என்றார் புனித அகஸ்டின். வார்னரோ குடும்பம், திருச்சபை, கடமை ஆகிய 'நன்மை'களின் இன்மையையே லாராவுக்கு வரமாக்குகிறார். அவர் படைத்த சாத்தான் ஆன்மாக்களுக்கு ஏங்குவதில்லை, தீர்ப்பிடுவதுமில்லை; தனக்குச் சொந்தமானதை அலட்சியமாக விட்டுவைக்கிறான்.

ஆனாலும் அவள் ஒருவனின் உடைமைதான். வார்னர் இதை மறைக்கவில்லை. அந்த இங்கிலாந்தில் மற்ற எஜமானர்களைவிட இவன் குறைவாகக் கேட்கிறான், அவ்வளவே. நிம்மதி என்று அதைச் சொல்லலாம். முழு விடுதலை என்று சொல்ல முடியாது.