விலைக்கு வாங்கிய இடமும் வென்றெடுத்த இடமும்

இங்கிலாந்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் பிறந்ததும், பத்து வயதுப் பிள்ளைகள் பல்லாயிரவர் 'லெவன் பிளஸ்' என்று வழங்கும் பரீட்சைக்குப் போய் உட்காருகிறார்கள். அதில் தேறியவர்களுக்கே அரசாங்கக் கிராமர் பள்ளிகளின் கதவு திறக்கும். அங்கே கட்டணம் ஒரு காசும் இல்லை. தேறாத பிள்ளையைப் பெற்றவர்களில் வசதியுள்ளவர்கள் தனியார் பள்ளியை நாடுவார்கள். தேறிய பிள்ளையைப் பெற்றவர்களிலும் சிலர் இரண்டையும் எதிரே வைத்துக்கொண்டு எதை ஏற்பது என்று மயங்குவார்கள். பாடமுறை, பிரயாண தூரம், விளையாட்டு மைதானம் முதலிய லௌகிக விஷயங்கள் பலவும் அந்த மயக்கத்தில் கலந்திருந்தாலும், அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு தர்மசங்கடம் இருந்துகொண்டே இருக்கிறது. பணத்தைக் கொடுத்துக் கல்வியில் முந்திக்கொள்வது அநியாயம் என்று கருதும் மனச்சாட்சியுள்ளவர்கள், கிராமர் பள்ளியைத் தேர்ந்துகொண்டால் அந்தத் தோஷம் தங்களைத் தீண்டாது என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் நியாயமானது என்பதே இங்கே ஆராயத்தக்கது.

அந்த நம்பிக்கை வெறும் கற்பனையிலிருந்து தோன்றியதன்று. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்கு முன்னெல்லாம் கிராமர் பள்ளியில் படித்தவர்களில் ஒரு சாரார் உபகாரச் சம்பளம் பெற்ற ஏழைப் பிள்ளைகளாகவும், மற்றவர்கள் கட்டணம் செலுத்தியவர்களாகவும் இருந்தார்கள். மந்திரி பட்லர் கொண்டுவந்த அந்தச் சட்டம் அரசாங்கப் பராமரிப்பிலிருந்த பள்ளிகளில் கட்டணத்தை அறவே ஒழித்தது. தகப்பனுடைய பணப்பை இருந்த இடத்தில் பிள்ளையினுடைய புத்தி வந்து நின்றது என்று மக்கள் மகிழ்ந்தார்கள். சுரங்கத் தொழிலாளியின் மகனும் தையற்காரியின் மகளும் சர்வகலாசாலைக்குச் செல்ல அந்த ஏற்பாடு வழி செய்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் தேறாத பெரும்பான்மையோரை இரண்டாந்தரப் பள்ளிக்கு அனுப்பிய ஏற்பாடும் அதுவே என்பதை நாடு மெல்ல மெல்ல உணர்ந்தது. 1965-இல் கல்வி மந்திரி கிராஸ்லண்ட், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்கும் திட்டங்களை வகுக்குமாறு ஸ்தல ஸ்தாபனங்களைக் கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். இன்று இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் கிராமர் பள்ளிகள் 163. புதிதாக ஒன்றைத் தொடங்கக் கூடாதென்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கென்ட், லிங்கன்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர் போன்ற சில மாவட்டங்களில்தான் பழைய முறை ஏறக்குறைய முழுமையாக நிலைத்திருக்கிறது.

கட்டணம் ஒழிந்தது, பணம் ஒழிந்ததா? பரீட்சைக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே டியூஷன் தொடங்கிவிடுகிறது. கட்டணம் வாங்கும் தனியார் ஆரம்பப் பள்ளியில் பிள்ளையைப் படிக்கவைத்து, பதினோராம் வயதில் இலவச இடத்துக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. கிராமர் பள்ளிகளில் சேருகிறவர்களில் 100-க்கு ஏறத்தாழ 13 பேர் அரசாங்கப் பள்ளிகளுக்கு வெளியேயிருந்து வருகிறவர்கள் என்று சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி அறநிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. நல்ல கிராமர் பள்ளிக்கு அருகே வீடு வாங்குவதும் ஒரு வகைக் கட்டணமேயாகும். பள்ளிக்குச் செலுத்த வேண்டியது வீட்டுக்காரருக்குச் செலுத்தப்படுகிறது, அவ்வளவுதான். இவற்றின் பலன் மாணவர் பட்டியலில் தெரிகிறது. வறுமையினால் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகள் 2016-இல் கிராமர் பள்ளிகளில் 100-க்கு 3 பேர்கூட இல்லை. அரசாங்க இடைநிலைப் பள்ளிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 12-க்கு மேல்.

தனியார் பள்ளிக்குப் பணம் கட்டுகிறவன், தான் செய்வதை மறைப்பதில்லை. ஆண்டுக்கு 15,000 பவுனுக்கு மேல் கொடுக்கிறான். 2025 ஜனவரி முதல் அதன்மேல் 20 சதவீத வரியும் சேருகிறது. 'நான் வரியும் கட்டுகிறேன், அரசாங்கப் பள்ளியில் என் பிள்ளைக்குரிய இடத்தையும் பிறருக்கு விட்டுக்கொடுக்கிறேன்' என்று அவன் சொல்லும் சமாதானத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியை அவன் சொல்லுவதில்லை: செல்வாக்கும் படிப்பும் உள்ள பெற்றோர் பொதுப் பள்ளியை விட்டு விலகினால், அந்தப் பள்ளியின் குறைகளைக் கேட்க உரத்த குரல் இல்லாமல் போகிறது. 70 ஏழை மாணாக்கர்களுக்கு இலவசக் கல்வி அளிப்பதற்காக 1440-இல் ஆறாம் ஹென்றி மன்னர் நிறுவிய ஈட்டன் பள்ளி, காலப்போக்கில் யாருடைய பள்ளியாக ஆயிற்று என்பதை உலகமே அறியும். ஆகவே பணம் கட்டுகிறவனைக் குற்றமற்றவன் என்று இங்கே ஸ்தாபிக்க முயலவில்லை. அவனுடைய குற்றம் வெளிப்படையானது என்பது மட்டுமே கூறப்படுகிறது.

கிராமர் பள்ளியின் விஷயத்தில் வேறொரு சிக்கல் உண்டு. நியாயம் அறிய விரும்புகிறவர்கள் இதில்தான் அதிகம் தங்கி யோசிக்க வேண்டும். அங்கே இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. ஒரு பிள்ளை உள்ளே போனால், அதே மதிப்பெண்ணை ஒட்டி நின்ற மற்றொரு பிள்ளை வெளியே நிற்கிறது. பந்தியில் இலை குறைவாயிருக்கும்போது, வீட்டில் சமையல் ஆகியிருப்பவன் முந்தி உட்கார்ந்துவிட்டு, 'நான் அழைப்பின்பேரில்தான் வந்தேன்' என்று சொன்னால் அது பொய்யாகாது. ஆனாலும் கேட்பவர்களுக்கு உறுத்தும். சிரமமின்றித் தனியார் பள்ளிக்குக் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பம், பல ஆண்டு டியூஷனின் பலத்தினால் இலவச இடத்தைக் கைப்பற்றி, மிச்சமான பணத்தைத் தன் கொள்கைப் பற்றுக்குச் சான்றாகக் காட்டுவது அத்தகையதே. 'பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி பணக்காரனுக்கும் உரியதல்லவா?' என்று கேட்கலாம். உரியதுதான், சட்டப்படி அதில் யாதொரு பிழையும் இல்லை. உரிமை இருப்பது வேறு, அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டதற்காகப் புண்ணியம் கேட்பது வேறு.

இதைவிட நுட்பமான தீங்கும் ஒன்றுண்டு. கட்டணம் செலுத்திப் படித்த பிள்ளை, தன் முன்னேற்றத்தில் தகப்பனாருடைய பணத்துக்கும் பங்குண்டு என்பதை என்றாவது ஒருநாள் ஒப்புக்கொள்ள நேரும். பரீட்சையில் வென்ற பிள்ளைக்கு அந்த அடக்கம் வருவது கடினம். டியூஷன் ஆசிரியரும் அமைதியான படிப்பறையும் மறந்துபோய், எல்லாம் தன் புத்தியின் சம்பாத்தியம் என்ற எண்ணமே எஞ்சும். சமூகவியலாளர் மைக்கேல் யங் 1958-இல் வெளியிட்ட 'மெரிட்டாக்ரஸியின் எழுச்சி' என்ற அங்கத நூல், தகுதியால் உயர்ந்ததாக நம்பும் வகுப்பு எவ்வளவு கர்வங்கொள்ளும் என்பதைத்தான் சித்திரித்தது. அவர் பரிகாசமாக வழங்கிய 'மெரிட்டாக்ரஸி' என்ற சொல்லைப் பிற்கால அரசியல்வாதிகள் லட்சியமாக எடுத்துக்கொண்டார்கள்; அங்கதம் எழுதுகிறவர்களுக்கு இப்படியும் ஒரு விதி!

ஆயினும் ஒரு சாராரை இந்தக் கண்டனத்திலிருந்து விலக்கியே ஆக வேண்டும். கட்டணப் பள்ளியைக் கனவிலும் நினைக்க முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. லண்டனின் கிங்ஸ்டன், சட்டன், ரெட்பிரிட்ஜ் பகுதிகளில் குடியேறிய இலங்கைத் தமிழர்களில் பலருக்கு, யுத்தத்துக்குத் தப்பி வந்தபோது படிப்பைத் தவிர வேறு மூலதனம் இருக்கவில்லை. இரவு வேலை பார்த்த சம்பளத்தில் சனிக்கிழமை வகுப்புக்குப் பணம் கட்டிய தகப்பனாரைப் பார்த்து, 'நீரும் பணத்தால் முந்தினவரே' என்று சொல்லுவது நீதியாகாது. அந்த நாட்டின் பழைய செல்வாக்கு வலைகளில் இடமில்லாதவருக்கு, விதிகளை எழுத்தில் வைத்திருக்கும் பரீட்சையே நம்பத்தக்க வாயிலாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் அவர்களும், பத்து வயதுப் பிள்ளையின் விளையாட்டையும் உறக்கத்தையும் அந்த வாயிலுக்குக் காணிக்கையாக்குவது எந்த அளவுக்குத் தகும் என்று கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். கென்ட் மாவட்டத்தில் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே கிராமர் பள்ளிக்குத் தகுந்தவர்கள் என்று முடிவாகிறது. தங்கள் தரம் இன்னதென்று எஞ்சியவர்களுக்கு அந்தச் சிறு வயதிலேயே அறிவிக்கப்பட்டுவிடுகிறது.

பெற்றோர் தம் பிள்ளையைத் தம் கொள்கைக்குப் பலியிட வேண்டும் என்று எந்தத் தர்மமும் விதிக்கவில்லை. ஆகையால் அருகிலுள்ள சாதாரணப் பள்ளி உண்மையிலேயே மோசமாயிருந்தால், கிராமர் பள்ளியையோ தனியார் பள்ளியையோ நாடுவது பழிக்கத்தக்கதன்று. அந்தப் பள்ளி போதுமானதாக இருந்தும் அதை நேரில் போய்ப் பாராமலே தள்ளிவிட்டு, மற்ற இரண்டில் எது ஒழுக்கமானது என்று தர்க்கம் செய்வதில்தான் பொய்மை இருக்கிறது. கிராமர் பள்ளியில் இடம் கிடைத்தவர்கள் தாராளமாக மகிழட்டும். பக்கத்து வீட்டுக்காரர் தம் பிள்ளைக்குக் கட்டணம் செலுத்துவதைக் குறைகூறும் தகுதி மட்டும் அந்த இடத்தோடு சேர்த்து அவர்களுக்கு வழங்கப்படவில்லை.