ஊர் என்னும் ஜூரி

"எங்கள் குடும்பத்தில் யாரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். சங்கராபுரத்திற்குப் போய் வந்த பிறகு சொல்வதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரைப் பார்க்க அங்கே போயிருந்தேன். தூரத்தில் கல்வராயன் மலை, ஊரைச் சுற்றிக் கரும்பும் நெல்லும். கண்ணுக்கு இதமான இடம். ஆனால் நண்பர் வீட்டில் நிம்மதி இல்லை. தகப்பனார் காலமான மறுவருஷமே, கணவனை இழந்த தங்கை நிலத்தில் பங்கு கேட்டுப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருந்தாள்.

டீக்கடையிலும் இதே பேச்சு. "கூடப் பிறந்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் உருப்படுவாளா?" என்றார் ஒருவர். "எவனோ தூண்டிவிடுகிறான்" என்றார் இன்னொருவர். அவளுக்குப் பங்கு உண்டா, இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலே நண்பருக்காகத் தூது போனேன்.

"விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடம்மா. ஊர் நாலு விதமாகப் பேசுகிறது. அண்ணன் உன்னைக் கைவிடமாட்டார்" என்றேன்.

"போடலாம் அண்ணே, நல்ல தங்கச்சி என்று பெயரும் வரும். அப்புறம் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஒவ்வொரு தடவையும் அண்ணன் வாசலில் போய் நிற்கணும். எனக்கு உள்ளதைக் கேட்டால் நான் சண்டைக்காரி. அதையே தர்மமாகக் கேட்டால் குணசாலியா?"

எனக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜூரிகளின் நினைவு வந்தது.

நம் நாட்டில் கொலை முதலிய குற்ற வழக்குகளில் ஜூரிகள் உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. 1959-ல் பம்பாயில், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியை, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரிகள் நிரபராதி என்றார்கள். பத்திரிகைகளும் ஜனங்களும் அவர் பக்கம் இருந்தார்கள். ஹைகோர்ட்டு அந்த முடிவைத் தள்ளி அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

நிலத் தகராறு முன்சீப் ஒருவரே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கு. ஆனால் டீக்கடையில் அதற்கும் ஜூரி உண்டு. அந்த ஜூரியை எந்தச் சட்டமும் எடுத்துவிடவில்லை. சாட்சி இல்லை, பத்திரம் இல்லை. வழக்குப் போட்டதே அங்கே குற்றம்.

வீம்புக்கு வழக்காடுகிறவர்கள் இல்லையா? உண்டு. நாடு முழுவதும் 5 கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. "வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான்" என்று ஜனங்கள் சொல்வதும் பட்ட அனுபவத்தால்தான். சமாதானமாய்ப் போவது நல்லதே. ஆனால் சமாதானத்தின் விலையை எப்போதும் ஒருவர் மட்டுமே கொடுத்தால் அதற்குச் சமாதானம் என்று பெயரா?

பெற்றவரின் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று 1956-லேயே சட்டம் வந்தது. பூர்விகச் சொத்திலும் மகனுக்குச் சமமான பிறப்புரிமையை 2005-ல் வந்த திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அண்ணன் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. நிலம் அவன் கையில் இருக்கிறது. சும்மா இருந்தாலே போதும், சாதுவென்று பெயர் எடுப்பான். கையில் இல்லாதவள்தான் படி ஏற வேண்டும். என் குடும்பம் கோர்ட்டுப் படி ஏறாததற்குக் காரணம் எங்கள் நற்குணமா, அல்லது எங்கள் வீட்டுப் பெண்கள் பேசாமல் போட்ட கையெழுத்தா? என் அத்தைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

நண்பருக்குக் கடிதம் எழுதினேன்: "தங்கை கேட்பது நியாயம். வழக்கு முடியும்வரை காத்திராமல் கொடுத்துவிடுங்கள்." அவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. ஒரு சிநேகிதம் போயிற்று. தூது போன அன்றே அதைச் சொல்லியிருக்கவேண்டும் என்பதுதான் என் வருத்தம்.