பதினான்கு கதிர்களின் சாட்சி

ஒரு பொருளைப் பற்றி "இது இப்படித்தான்" என்று சொல்வதற்கு எவ்வளவு கண்டிருக்க வேண்டும்? அறியும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என வகுத்த நம் முன்னோர் இவ்வினாவை நெடுங்காலம் ஆராய்ந்தனர். வானியலார் அண்மைக் காலத்தில் இதே வினாவை எதிர்கொண்ட விதம் சிந்திக்கத்தக்கது.

வானில் குவாசர் எனப்படும் பொருள்கள் உள. பார்வைக்கு நட்சத்திரம் போன்ற புள்ளிகளே. அவற்றுள் ஒன்று எத்துணை தொலைவிலுள்ளது என்பதை 1963 ஆம் ஆண்டு மார்ட்டென் ஷ்மிட் என்னும் அறிஞர் கண்டறிந்தபோது உலகம் வியந்தது. பெருங் கருந்துளையொன்றை நோக்கி விழும் வாயு சூடேறி வீசும் ஒளியே குவாசரின் ஒளி. கருந்துளைக்கு மிக அண்மையிலிருந்து எக்ஸ் கதிர்கள் புறப்படுகின்றன. வைத்தியசாலையில் எலும்பைப் படம்பிடிக்கும் அதே இனக் கதிர்தான். ஆயினும் வானிலிருந்து வருவதை வளிமண்டலம் தரைக்கு விடாது. எனவே தொலைகாட்டியையே விண்ணுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

1999 ஜூலை 23 இல் கொலம்பியா விண்ணோடம் சுமந்து சென்ற அத்தொலைகாட்டியின் பெயர் சந்திரா. தமிழ்க் குடும்பமொன்றில் 1910 இல் லாகூரில் பிறந்து, சென்னையில் பயின்று, 1983 இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது.

2017 டிசெம்பரில் சந்திரா, அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகத் தொலைவான குவாசரை நோக்கித் திருப்பப்பட்டது. பிரபஞ்சம் பிறந்து ஏறத்தாழ 69 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தபோது அங்கிருந்து புறப்பட்ட கதிர்கள், 1,300 கோடி ஆண்டுகள் பயணித்து வந்துள்ளன. 45,000 செக்கன்கள், அதாவது பன்னிரண்டரை மணி நேரம் காத்திருந்ததில் கிடைத்தவை எத்தனை? பதினான்கு. உண்டியலில் பதினான்கு நாணயம் விழுந்திருந்தால் அதை எண்ணவும் சிலர் சலித்துக்கொள்வர்.

அறிஞர்கள் சலிக்கவில்லை, துள்ளிக் குதிக்கவுமில்லை. தற்செயலாக எத்தனை கதிர்கள் விழக்கூடும் என்பதை அருகிலுள்ள வெற்று வானில் எண்ணி ஒப்பிட்டனர். உண்மையான அளவு பத்தாகவும் இருக்கலாம், பத்தொன்பதாகவும் இருக்கலாம் என்று தம் முடிவோடு சேர்த்தே எழுதினர். அக்கருந்துளையின் திணிவு சூரியனைப் போல் 80 கோடி மடங்கு என்று சொன்னது இந்தப் பதினான்கு அல்ல. அது வேறு தொலைகாட்டிகளில் பதிந்த அகச்சிவப்பு நிறமாலை தந்த செய்தி. பதினான்கின் சாட்சி சிறியது: அண்மையிலுள்ள குவாசர்களைப் போலவே இதுவும் எக்ஸ் கதிர் வீசுகிறது என்பதே. அதற்கு மேல் அவற்றின் வாயில் எவரும் சொல் புகுத்தவில்லை.

இங்கேதான் மனிதர் தடுமாறுகிறோம். அந்தி மங்கலில் ஒரு படலையடியில் ஒருவர் நின்றதை யாரோ காண்பார். விடிவதற்குள் அது ஒரு குடும்பத்தின் மானத்தைப் பற்றிய கதையாகிவிடும். கண்டது ஒரு நிழல். மற்றதெல்லாம் கூட்டிச் சேர்த்தது. ஒரு பெண்ணின் கலியாணம் குழம்புவதற்கு அதுவே போதும். பார்த்தவரை விசாரித்தால், பொய் சொன்னதாக அவரும் ஒப்பமாட்டார். தாம் கண்ட எல்லையைச் சொல்லாமல் விட்டதை அவர் பொய்யாகக் கருதுவதில்லை.

மறுபக்கமும் உண்டு. போதிய சான்றிருந்தும் ஏற்க மறுப்பது. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட திணிவுள்ள இறந்த நட்சத்திரம் தன் பாரத்தைத் தாங்காது ஒடுங்கும் என்று இளைஞரான சந்திரசேகர் கணித்தார். 1935 ஜனவரியில் இலண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அதை அவர் எடுத்துரைத்தபோது, அக்காலத்தின் பெரும் வானியலாளரான ஆர்தர் எடிங்டன் எழுந்து எள்ளி நகையாடினார். நட்சத்திரம் அப்படி நடந்துகொள்ள இயற்கை இடங்கொடாது என்பது அவர் வாதம். கணிதத்தில் பிழை காட்டினாரல்லர். அவருடைய பெருமையே பலருக்குச் சான்றாயிற்று. சந்திரசேகரின் கணக்கே சரியென்று பின்னர் நிலைநாட்டப்பட்டது.

ஒரு வேடிக்கை. விழும் வாயுவின் ஒளியே மேலும் வரும் வாயுவைத் தள்ளுவதால், கருந்துளை வளரும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதன் பெயர் எடிங்டன் எல்லை. 69 கோடி ஆண்டுகளில் இவ்வளவு பெரிய கருந்துளை எவ்வாறு வளர்ந்தது என்ற புதிர் அந்த எல்லையை வைத்தே எழுகிறது. 2023 இல் இன்னும் தொலைவிலுள்ள ஓர் எக்ஸ் கதிர் மூலத்தைச் சந்திரா காட்டியதோடு புதிர் மேலும் இறுகியது. எள்ளியவரின் கணக்கும் எள்ளப்பட்டவரின் பெயர் தாங்கிய கருவியும் ஒரே ஆய்வில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

சந்திரசேகர் கசப்பை வளர்க்கவில்லை. எடிங்டனின் நூற்றாண்டையொட்டி 1982 இல் கேம்பிரிட்ஜில் அவரைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். மறு ஆண்டு அது நூலாக வந்தபோது, தம் காலத்தின் மிகச் சிறந்த வானியற்பியலாளர் என்று எடிங்டனைத் தலைப்பிலேயே குறிப்பிட்டிருந்தார்.