முட்டியைத் தேய்த்த வினை

குன்னூர்ச் சரிவுகளில் கொழுந்து பறிப்பவர்கள் மாலையில் இலை எடை போட இறங்கி வருவார்கள். அவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களை நடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். யாரும் நேராக இறங்குவதில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு காலை ஊன்றுவார்கள். மறுகாலை அதன் அருகில் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அடுத்த அடி. முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தால், "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினேனோ" என்பதுதான் வழக்கமான பதில்.

செய்கிற வேலைக்கும் வினை என்றுதான் பெயர். முற்பிறவியின் பயனுக்கும் அதே பெயர்தான். முட்டியைத் தேய்த்தது இதில் எந்த வினை?

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால் தேயத் தொடங்கும்போது வலி தெரியாது. தேய்ந்தது மீண்டும் வளர்வதும் அரிது. ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையின் பல மடங்கு பாரம் முட்டியில் விழுகிறது. முதுகில் இலை மூட்டை வேறு. முன்பு விரலால் கிள்ளிய இலையை இப்போது பல தோட்டங்களில் கத்தரியால் வெட்டுகிறார்கள். அதனால் வலி மணிக்கட்டுக்கும் தோளுக்கும் ஏறிவிட்டது. முட்டித் தேய்வில் வயதுக்கும் பரம்பரைக்கும் பங்குண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சுமையைப் பற்றி நீலகிரியின் பழைய கதை ஒன்று உண்டு. 1834-இல் ஆங்கிலேய ஆட்சியின் உயர் அதிகாரி மெக்காலே சென்னையிலிருந்து ஊட்டிக்கு வந்தார். ஏறத்தாழ 640 கிலோமீட்டரும் ஆட்களின் தோளில்தான் பயணம். அவர் பெயரும் அவர் எழுதியதும் நமக்குக் கிடைக்கின்றன. சுமந்தவர்களின் தோள் என்ன ஆயிற்று என்பதற்குக் குறிப்பில்லை. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் பற்றித் திருக்குறளின் 37-ஆம் குறள் பேசுகிறது. அந்தக் காட்சியே அறத்தின் பயனுக்குச் சான்று என்பது பரிமேலழகர் உரை. சுமப்பவனிடம் போய் இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே எனப் பொருள் கொள்வோரும் உண்டு. தோள் வலிப்பவனுக்கு இந்த இரண்டாவது உரை பிடித்துப்போனால் வியப்பில்லை.

பௌத்தம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. மனிதன் படுவதெல்லாம் பழவினையால்தானா என்று சீவகர் என்ற துறவி கேட்டபோது புத்தர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பித்தம், கபம், வாயு, அவற்றின் சேர்க்கை, பருவ மாற்றம், உடலைச் சீராகப் பேணாமை, வெளியிலிருந்து வரும் தாக்குதல் என ஏழு காரணங்களைச் சொன்னார். வினைப்பயன் எட்டாவதாக வருகிறது. வினையை மறுக்காமலே வரிசையில் பின்னுக்குத் தள்ளிய பதில் அது.

இலங்கையிலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் தேயிலைக்குப் போன குடும்பங்கள் பல. அவர்களின் தலையெழுத்தில் ஒரு பகுதி, 1964-இல் டெல்லியில் போடப்பட்ட கையெழுத்து: அவர்களை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். அதைப் போன ஜென்மத்தின் கணக்கில் எழுத முடியாது.

ஊழை நம்புகிறவர்கள் நம்பட்டும்; வைத்தியத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல், இரு கைகளிலும் கணுக்கள் வீங்கினால், அது பனியாலோ பாவத்தாலோ வந்தது என்று இருந்துவிடாதீர்கள். முடக்குவாதமாக இருக்கலாம். அது பெண்களையே அதிகம் தாக்குகிறது. தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் விரல்கள் கோணாமல் காக்க முடிகிறது.