தீர்ப்பில் இல்லாத தண்டனை

ஒரு நீதிபதி தண்டனை விதிக்கும்போது அதன் எல்லையையும் சேர்த்தே சொல்கிறார்: ஆறு மாதச் சிறை, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, இவ்வளவு அபராதம். அந்த எல்லையைக் கடந்த மனிதர் அரசுக்கு இனி எந்தக் கடனும் பட்டவர் அல்லர். அமெரிக்காவில் இந்த உறுதி நெடுங்காலமாகப் பொய்த்துக் கிடக்கிறது. வாடகைக்கு வீடு கேட்டாலும், மருத்துவமனையில் துப்புரவு வேலை கேட்டாலும் அங்கே பின்னணிச் சோதனை நடக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கடைத்திருட்டு ஒன்று நொடியில் கணினித் திரைக்கு வந்துவிடுகிறது. வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஏதேனும் கைதுப் பதிவோ தண்டனைப் பதிவோ இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். எந்த நீதிபதியும் விதிக்காத, மேல்முறையீட்டுக்கு இடமில்லாத, முடிவுத் தேதியே அற்ற தண்டனை இது. பழைய பதிவுகளைத் தாமாகவே பொதுப்பார்வையிலிருந்து விலக்கும் சட்டங்களை ஆதரிக்க வேண்டியதன் முதற்காரணம் இரக்கம்கூட அன்று. நீதிமன்றம் சொன்ன எல்லையை அரசு மதித்தாக வேண்டும் என்பதே.

குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்களின் நிலை இதைவிடக் கொடியது. கைதாகி, வழக்கு கைவிடப்பட்டு, வீடு திரும்பியவரின் பெயரும் அதே கோப்பில் இருக்கிறது. வேலை கொடுப்பவருக்குக் கைதுக்கும் தண்டனைக்கும் உள்ள வேறுபாட்டை நிறுத்தி நிதானித்துப் பார்க்க நேரமில்லை. நூறு விண்ணப்பங்களில் ஒன்றைக் கழிக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும். சமூகவியலாளர் திவா பேஜர் 2003இல் வெளியிட்ட மில்வாக்கி நகர ஆய்வு, தண்டனைப் பதிவு வேலை வாய்ப்பை எவ்வளவு குறைக்கிறது என்பதை எண்களில் காட்டியது. ஒத்த தகுதியுள்ள இளைஞர்கள் வேலைக்கு விண்ணப்பித்தபோது, பதிவில்லாத வெள்ளையரில் 34 சதவீதத்தினருக்கு மறு அழைப்பு வந்தது. பதிவுள்ள வெள்ளையருக்கு அது 17 ஆகக் குறைந்தது. கறுப்பினத்தவரில் இந்த எண்கள் 14, 5.

பதிவை நீக்கக் கோரி மனுப்போடும் வழி பல மாநிலங்களில் முன்பே இருந்தது. அது போதாதா என்று கேட்பார்கள். போதாது என்பதற்கு மிச்சிகன் சான்று. சட்டப் பேராசிரியர்கள் ஜே.ஜே. பிரெஸ்காட், சோன்யா ஸ்டார் இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே தகுதி பெற்றவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் பதிவு நீக்கம் பெற்றவர்கள் 6.5 சதவீதமே. மற்றவர்கள் திருந்தாதவர்களா? இல்லை. சிலருக்கு அப்படியொரு உரிமை இருப்பதே தெரியாது. சிலரிடம் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை. தங்களைச் சிறைக்கு அனுப்பிய நீதிமன்றப் படியை மீண்டும் மிதிக்கவே பலருக்கு அச்சம். மனுமுறை, தகுதியுள்ளவரைத் தேர்வதாக எண்ணிக்கொண்டு வசதியுள்ளவரைத் தேர்ந்தது. இந்தக் கோணலைத்தான் பென்சில்வேனியா நிமிர்த்தியது. 2018இல் நிறைவேறிய அதன் ‘கிளீன் ஸ்லேட்’ சட்டம், நாட்டிலேயே முதன்முறையாக, மனு இல்லாமல் கணினி வழியே பதிவுகளை மூடும் முறையைக் கொண்டுவந்தது. 2019இல் பணி தொடங்கி ஓராண்டுக்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட வழக்குப் பதிவுகள் மூடப்பட்டன. நீதிமன்றக் கட்டண பாக்கி இருந்தால் பதிவை மூட முடியாது என்ற தொடக்க நிபந்தனை ஏழைகளை மறுபடியும் வெளியே நிறுத்தியது. 2020இல் அதையும் தளர்த்தினார்கள். மிச்சிகனும் அதே ஆண்டு தானியங்கி முறைக்குச் சட்டம் இயற்றியது.

பொதுப் பாதுகாப்பு என்னாகும் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அதே மிச்சிகன் ஆய்வில், பதிவு நீக்கம் பெற்றவர்களில் ஐந்து ஆண்டுகளில் மீண்டும் தண்டனை பெற்றவர்கள் 4.2 சதவீதம், அவர்களின் ஊதியமோ ஓராண்டில் 22 சதவீதத்துக்கும் மேல் கூடியது. முயன்று மனுப்போட்டவர்கள் இயல்பிலேயே ஒழுங்கானவர்களாக இருக்கலாம், இதை எல்லோருக்கும் எப்படிப் பொருத்துவது என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். அதற்கு வேறொரு சான்று இருக்கிறது. ஆல்ஃபிரட் புளூம்ஸ்டீன், கிமினோரி நாகமுரா ஆகியோர் 1980இல் நியூயார்க்கில் முதன்முறை கைதானவர்களைப் பின்தொடர்ந்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 18 வயதில் வழிப்பறிக்காகக் கைதானவர், அதன்பின் சிக்கலின்றி ஏறத்தாழ 7.7 ஆண்டுகளைக் கழித்துவிட்டால், அவர் மீண்டும் கைதாகும் வாய்ப்பு அதே வயதுள்ள பொதுமக்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது; வீடுபுகுந்து திருடியவருக்கு 3.8 ஆண்டுகளே போதும். பழைய பதிவு எதிர்காலத்தைப் பற்றி எதையும் சொல்லாத காலம் ஒன்று வருகிறது. அதன்பிறகும் அதைக் காட்டிக்கொண்டிருப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை; பிழைப்புக்கு வழியின்றி ஒருவர் மீண்டும் தவறும் ஆபத்துதான் கூடுகிறது.

பாதிக்கப்பட்டவரின் வலியை இது அழித்துவிடாதா என்பது இன்னும் கனமான தடை. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அரசு அவர் சார்பில் மன்னிக்க முடியாது, இச்சட்டங்கள் அப்படிச் செய்வதும் இல்லை. நடந்ததை நடக்கவில்லை என்று யாரும் சொல்லச் சொல்லவில்லை. காவல்துறையும் நீதிமன்றமும் கோப்பைத் தொடர்ந்து பார்க்கலாம். கொலை, பாலியல் குற்றங்களை 2023இல் கையெழுத்தான நியூயார்க் சட்டம் விலக்கியே வைத்திருக்கிறது. தான் உருவாக்கிய ஆவணத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவைத்த அரசு, அதை உள்ளே எடுத்துவைக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் வலுவாகப் படும் எதிர்வாதம் வேறொன்று. விண்ணப்பப் படிவத்தில் குற்றப் பின்னணியைக் கேட்கக் கூடாது என்று நியூஜெர்சியும் நியூயார்க் நகரமும் விதித்தபின், அமாண்டா ஆகன், சோன்யா ஸ்டார் நடத்திய ஆய்வில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான மறு அழைப்பு இடைவெளி 7 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக விரிந்தது. தகவல் மறைந்தவுடன் முதலாளிகள் நிறத்தை வைத்து ஊகித்திருக்கிறார்கள். ஆனால் அந்த விதியும் இந்தச் சட்டமும் ஒன்றல்ல. அங்கே எல்லாப் பதிவும் தொடக்கத்தில் மறைகிறது. இங்கே பின்னணிச் சோதனை அப்படியே இருக்கிறது, அண்மைக்கால வழக்குகள் தெரிகின்றன, பயனற்றுப்போன பழையவை மட்டும் வருவதில்லை. ஊகிக்க வேண்டிய வெற்றிடமே பெரிதாக இல்லை. எப்படியானாலும், முதலாளியின் நிறவெறியை அடக்க ஒரு மனிதரின் பழைய வாழ்க்கையைப் பிணையாக வைக்கக் கூடாது. அதற்குப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை உண்மையாக நிறைவேற்ற வேண்டும்.

நிறைவேறாத வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. அரசு மூடிய பதிவின் பழைய படி, தகவல் விற்கும் தனியார் நிறுவனங்களிடம் இருந்தால் சட்டத்தின் பயன் பாதியாகிவிடும். மூடப்பட்டவற்றின் பட்டியலை அந்நிறுவனங்கள் குறித்த காலத்தில் பெற்றுத் தங்கள் தொகுப்பிலிருந்து நீக்க வேண்டும், நீக்காமல் விற்றால் அந்தப் பதிவுக்குரியவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற பிரிவை அடுத்துச் சட்டம் இயற்றும் மாநிலங்கள் முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும்.